மாணிக்கம் கடையில் நான்கு டீ

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்குக் கடத்தூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கார் புறப்பட்டது. வாடகைக் கார், நாளொன்றுக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். முன்னிருக்கையில் அப்பா, பின்னால் அம்மா, அக்கா செல்வி, நான். பொங்கல் விடுமுறையின் கடைசி நாள். அடுத்த நாள் இரவு நான் கல்லூரி விடுதிக்குத் திரும்ப வேண்டும்.

நாங்கள் போகும் இடம் நல்லம்பள்ளிக்கும் தொப்பூருக்கும் இடையில், நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வாழ்வியல் காட்சியகம். பழம்பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டும் இடம் அல்ல அது. 1968-ஆம் ஆண்டின் சாலையோர ஊர் ஒன்றைக் கட்டியெழுப்பி, அதில் ஆட்களை வேலைக்கு அமர்த்தி, அந்த ஆண்டிலேயே வாழவைத்திருக்கிறார்கள். நாம் சீட்டு வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குள் நடக்கலாம், அங்கிருப்பவர்களுடன் பேசலாம்.

போகும் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. காரில் யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த ஊரின் டீக்கடைக்காரராக வேலை பார்ப்பவர் என் தாய்மாமா சேகர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து அவருக்கு இடத்தோள் எலும்பு முறிந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்றார். அந்த லாரி வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் அப்பா. அதே லாரி ஆபீஸில் அப்பா எழுத்தர். கட்டுப் போட்ட தோளுடன் மாமா எங்கள் வீட்டில் இருந்தபோது முதலாளி பார்க்க வந்தார். அவரிடம் அப்பா, மாமாவை எதிரில் வைத்துக்கொண்டே, "கண்ணசந்திருப்பான், வேற என்ன" என்றார். அம்மா ஆற்றிக் கொடுத்த டீ மாமாவின் முன்னால் இருந்தது. அதைத் தொடாமல் எழுந்து போனார். அதன்பிறகு எங்கள் யாருடைய அழைப்பையும் அவர் எடுக்கவில்லை.

தை மாதக் கடைசியில் அக்காவுக்குத் திருமணம். தாய்மாமன் நிற்காத மணமேடையில் பெண்ணை உட்காரவைக்க அம்மாவுக்கு மனமில்லை. பொங்கலன்று பக்கத்து வீட்டுக்காரர் கைபேசியில் காட்டிய காட்சியகத்து வீடியோ ஒன்றில், தலைக்கு மேலே தூக்கி டீ ஆற்றிக்கொண்டிருந்தார் மாமா. அம்மா அதை இரண்டு முறை பார்த்தார். "ஞாயித்துக்கெழம எங்கயாச்சும் போயிட்டு வரலாம்" என்று மட்டும் சொன்னார். எங்கே என்று அப்பா கேட்கவில்லை.

தருமபுரியைக் கடந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினோம். சாலையின் இருபுறமும் அவரைப் பந்தல்களும் தக்காளிக் காடுகளும் பனி விலகாமல் இருந்தன. ஓட்டுநர் முருகேசன் பேசுவதில் விருப்பம் உள்ளவர்.

"தொப்பூர் வரைக்கும் போகலீங்களே சார்? நல்லதாப் போச்சுங்க. அந்தக் கணவாய்ல லோடு வண்டிக்கு முன்னால கார் ஓட்டறதுக்கு உசுரு ரெண்டு வேணுங்க."

அப்பா சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"பிரேக்கு சூடாயி உட்டுடுச்சுன்னா டிரைவர் என்னங்க பண்ணுவான், பாவம்? எல்லாரும் தூங்கிட்டான்னு சொல்லிருவாங்க."

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா" என்றார் அப்பா. சாலை நேராகவும் காலியாகவும் இருந்தது. அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலை 9.35. வண்டியின் மீட்டர்படி கடந்த தொலைவு நாற்பத்தைந்து கிலோமீட்டர். நுழைவுச் சீட்டு பெரியவர்களுக்கு 150 ரூபாய், மாணவர்களுக்கு 80. என் கல்லூரி அட்டையை இரு பக்கமும் பார்த்த பிறகே சீட்டு தந்தார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பித்தளை வில்லை. ஊருக்குள் அதைக் கொடுத்து ஒரு டீ குடிக்கலாம். நம் காலத்துப் பணம் உள்ளே செல்லாது. வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை: 'இவ்வூரார் 1968-இல் வாழ்பவர்கள். அதன் பின் நடந்தவை எவையும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் அவர்களது உண்மைப் பெயரையோ சொந்த விவரங்களையோ கேட்காதீர்கள். திங்கட்கிழமை விடுமுறை.'

அம்மா பலகையைப் படிக்காமலேயே உள்ளே போய்விட்டார்.

ஊர் என்பது ஒரே ஒரு தெருதான். ஒரு லாரி மட்டுமே போகக்கூடிய அகலத்தில் தார்ச்சாலை. இரு ஓரங்களிலும் செம்மண். கையால் சுற்றி எண்ணெய் இறைக்கும் பெட்ரோல் பங்க், ஓட்டுக் கூரை போட்ட தபால் நிலையம், மரத்தால் கூண்டு கட்டிய பழைய லாரி ஒன்று. தெரு தொடங்கும் இடத்தில் காக்கி அரைக்கால் சட்டையும் உயரமான தொப்பியுமாக நின்றிருந்த போலீஸ்காரர் அப்பாவை மறித்தார்.

"யோவ், சைக்கிள் லைட்டு எங்க?"

"சைக்கிளே இல்லீங்களே. நடந்துதான வரேன்."

"சைக்கிளும் இல்லாம லைட்டும் இல்லாமயா வந்த? ரெண்டு கேசு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்; ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. முப்பதடி தொலைவில் டீக்கடை இருந்தது.

கூரைக்கடை. செம்பு பாய்லர், கரி அடுப்பு, இரண்டு பெஞ்சுகள். 'மாணிக்கம் டீக்கடை' என்று தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கைவைத்த பனியனும் தோளில் துண்டுமாக மாமா நின்றிருந்தார். இடத்தோள் சற்றே தாழ்ந்திருந்தது. சேலத்திலிருந்து வந்ததாகச் சொன்ன ஓர் இளைஞர் அவருக்குப் பக்கத்தில் நின்று கைபேசியை உயர்த்தினார்.

"என்ன தம்பி, இத்தினிக்காண்டு கண்ணாடி? இதுல மூஞ்சி முழுசாத் தெரியுதா?" என்றார் மாமா. "தருமபுரி இப்பத் தனி ஜில்லா ஆயிடுச்சு, தெரியுமில்ல? சேலத்துக்காரங்க இனிமே எங்களக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்."

இளைஞர் சிரித்துக்கொண்டே போனதும் பெஞ்சு காலியாயிற்று. அம்மா அதன் அருகில் போய் நின்றார்.

"சேகரு."

மாமாவின் கையிலிருந்த டீ ஒரு கணம் குவளைக்கு வெளியே சிந்தியது. கழுத்தில் அடையாள அட்டை அணிந்த மேற்பார்வையாளர் பெண் ஒருவர் நான்கடி தள்ளி நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். மாமா அவரைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"யாருங்க அது? எம்பேரு மாணிக்கங்க. ஒக்காருங்க, டீ போடறேன்."

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். உறவு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார். அக்கா அவருடைய கையைப் பிடித்து, "போலாம்மா" என்றாள். வாயிலில் இருந்த பலகையில் எழுதியிருந்ததை எல்லாம் நான் அம்மாவின் காதருகில் சொன்னேன். தம் பெயரையும் சொந்த விவரத்தையும் மாமா இங்கே சொல்லக்கூடாது என்பது விதி, மறுப்பு அல்ல. அம்மா அக்காவின் கையை விடுவித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"நாலு டீ போடுங்க, கடக்காரரே."

நான்காவது ஆளான அப்பா அப்போதுதான் வந்து, எதிர் பெஞ்சில், கடைக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்தார்.

மாமா யாரிடமும் எப்படி வேண்டும் என்று கேட்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை குறைத்துத் திக்காக. அக்காவுக்கு நுரை இல்லாமல். எனக்கு அரைக் குவளை. அப்பாவின் குவளையில் இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டுக் கலக்கினார். அப்பா முன்பு அப்படித்தான் குடிப்பார். அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அது மாமாவுக்குத் தெரிய வழியில்லை. அம்மா வாயைத் திறந்தார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குவளையை வாங்கிக்கொண்டார்.

டீ நன்றாக இருந்தது. கரிப்புகையின் மணமும் தட்டிப்போட்ட இஞ்சியின் காரமும் சேர்ந்து, குளிர்ந்த காலையில் தொண்டையைச் சீராக்கின. விடுதியில் காலை ஆறரைக்குக் கிடைக்கும் டீயோடு ஒப்பிட்டால் இது வேறொரு பானம்.

"ஏனுங்க, உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார் அம்மா.

"ஒரு அக்காங்க. கடத்தூர்ல கட்டிக் குடுத்திருக்குது."

"போறது வர்றது உண்டா?"

"மூணு வருசமா இல்லீங்க."

"ஏனாம்?"

"கடைய உட்டுட்டு நகர முடியறதில்லீங்க."

"மூணு வருசமாவா ஒரு கடைய உட்டு நகர முடியாது? அந்தம்மா எப்படித் தவிச்சிருக்கும்?"

மாமா பாய்லரின் அடியில் கரியைத் தள்ளிவிட்டார். மேற்பார்வையாளர் பெண் எங்கள் பக்கம் வந்தார். "ரொம்ப நல்லாப் பேசறீங்கம்மா. வர்றவங்க எல்லாரும் இப்படிக் கூடச் சேந்து பேசினா எங்களுக்கு எவ்வளவு நல்லா இருக்கும், தெரியுங்களா?" என்று பாராட்டிவிட்டுத் தபால் நிலையத்தை நோக்கிப் போனார். அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகைங்க" என்றார், அவர் போன பிறகு.

அப்போது அப்பா பேசினார். கடையைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துப் பேசினார்.

"கடக்காரரே, இந்தக் கணவாய்ல லோடு லாரி எறங்குறதப் பாத்திருப்பீங்க."

"தெனமும் பாக்கறனுங்க."

"கவுந்துச்சுன்னா டிரைவர் தூங்கிட்டான்னு சொல்லிர்றாங்க."

"சொல்றவங்க வண்டிக்குள்ள இருந்தாங்களாங்க?"

அப்பா குவளையைக் கையில் உருட்டினார். "இல்ல. சேர்ல ஒக்காந்திருந்தாங்க. பக்கத்துல மொதலாளி வேற. அவரு மொகத்தப் பாத்துட்டு வாய்ல வந்தத சொன்னது." சாலையைப் பார்த்தபடியே, "சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

மாமா ஏற்கெனவே துடைத்த குவளையை மறுபடி துடைத்தார்.

"டீ ஆறுதுங்க. குடிங்க."

அப்பா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"பெரிய பொண்ணுக்குத் தை கடைசில கல்யாணங்க" என்று அம்மா அக்காவைக் காட்டினார். "நாளைக்குக் கடை லீவுதான? கடத்தூர்ப் பக்கம் வந்தா வூட்டுக்கு வந்து ஒரு டீ குடிக்கலாம். அன்னிக்கு ஒருத்தங்களுக்குப் போட்டது, குடிக்காமயே போயிட்டாங்க."

"அது ஆறியிருக்குமேங்க."

"புதுசாப் போட்டுக்கலாம்" என்றாள் அக்கா. அன்று அவள் அவரிடம் பேசியது அவ்வளவுதான்.

மாமா பதில் சொல்வதற்குள், பேருந்தில் வந்திறங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் நான்கு வில்லைகளையும் பலகைமேல் வைத்தேன். அவர் அவற்றை எடுத்து டப்பாவில் போட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மற்றவற்றையும் பார்த்தோம்: தபால் நிலையத்தில் தந்தி அடித்துக் காட்டினார்கள், மரக்கூண்டு லாரியில் ஏறி உட்காரலாம். அப்பா அதில் ஏறினார். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, எதிரே எதுவும் இல்லாத சாலையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கினார். நண்பகல் 12.10-க்குப் புறப்பட்டோம்.

திரும்பும் வழியில் முருகேசன், "என்னங்க இருந்துச்சு உள்ள?" என்று கேட்டார். "டீக்கடை" என்றார் அப்பா. அந்த ஊரைப் பற்றி நான் எழுதக்கூடியது இது: அங்கே இருப்பவர்களுக்கு, பின்னால் நடக்கப்போவது எதுவும் தெரியாது; உள்ளே வருபவர்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அன்று காரில் இருந்த எங்கள் நால்வரில், மறுநாள் காலை என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரி 20, திங்கட்கிழமை. காலையில் பால் காய்ச்சும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஐந்து பேருக்கு அளந்து ஊற்றினேன். அப்பா எட்டரைக்கு ஆபீஸ் புறப்படுபவர். அன்று வண்டிச் சாவியைக் காணவில்லை என்று வீடெங்கும் தேடிக்கொண்டிருந்தார். சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது எனக்குத் தெரிந்தது, நான் சொல்லவில்லை.

எட்டே முக்காலுக்கு வாசல் கதவு தட்டப்பட்டது. முழுக்கைச் சட்டையும் பேன்ட்டுமாக மாமா நின்றிருந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு.

"வா தம்பி" என்றார் அம்மா. அப்பா சாவி தேடுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். சர்க்கரை சேர்க்கும் முன் ஒரு குவளை தனியாக வடித்து அப்பாவிடம் கொடுத்தேன். மாமா அதைக் கவனித்தார்.

"மச்சானுக்கு ஏன் தனியா?"

"சுகர் மாமா. ரெண்டு வருசமாச்சு" என்றேன்.

மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார். "நேத்து ரெண்டு கரண்டி போட்டனே! சொல்லக் கூடாதுங்களா, மச்சான்?"

"சொந்த விசயமெல்லாம் அங்க பேசக் கூடாதாமே" என்றார் அப்பா. "போர்டு வெச்சிருக்காங்க."

அம்மாதான் முதலில் சிரித்தார். நான் மாமாவின் டீயை ஆற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுத்து ஒரு வாய் குடித்தார், பிறகு அக்காவைப் பார்த்து, "முகூர்த்தம் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

நான் போய் அடுப்பை அணைத்தேன்.