பரணில் கத்திய குருவி

மழைக்காலப் பிற்பகல்களில், தகரக் கூரையில் விழும் தூறலுக்கு நடுவே, எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு குருவி கத்தும். நான்கு முறை கத்திவிட்டு, ஐந்தாவதைப் பாதியில் இழுத்து நின்றுபோகும். அது பறவை இல்லை; அப்பா வாங்கி வைத்திருந்த அழைப்பு மணி.

மும்பை தாராவியில் 'கோலி' என்று சொல்லும் ஒற்றை அறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். பகலில் கதவு சாத்துகிற வழக்கமே எங்கள் சந்தில் கிடையாது. வருகிறவர்கள் குரல் கொடுக்கும் முன்பே பாதி உடம்பு உள்ளே வந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்த அப்பா மணி வாங்கி வந்ததற்குக் காரணம், யாரோ வந்து அளந்து எங்கள் கதவில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போனதுதான். எல்லாவற்றையும் இடித்து 'பில்டிங்' கட்டி, ஆளுக்கொரு ஃபிளாட் தருவார்கள் என்று சந்தே பேசிக்கொண்டது.

"என்ன அண்ணாச்சி, பெல்லு வந்துட்டு, வீடு எப்ப வரும்?" என்று எதிர்வீட்டு அக்கா கேலி செய்தார். அப்பா சிரித்துக்கொண்டே அட்டைப்பெட்டியைப் பரணில் ஏற்றினார். அந்தச் சத்தம் அவருக்கு அத்தனை பிடிக்கும்; கடையில் பத்துத் தடவை அமுக்கிக் கேட்டாராம். என்னை ஒருமுறைகூட அமுக்க விட்டதில்லை.

"இங்கனயே மாட்டுங்களேன், பிள்ளை ஆசப்படுதா" என்பாள் அம்மா.

"ஏட்டி, தொறந்து கெடக்க வீட்டுக்கு எதுக்கு பெல்லு? நம்ம வீடு வரட்டும். மொத ஆளா நான்தான் வெளிய நின்னு அமுக்குவேன். நீ வந்து தொறக்கணும்."

ஈரத்தில் வயர்கள் ஒட்டிக்கொள்வதால்தான் அது தானாகக் கத்துகிறது என்பார். பேட்டரியைக் கழற்றச் சொன்னால், "பெறவு உசுரோட இருக்கா இல்லையான்னு எப்பிடித் தெரியும்?" எனக்கோ வேறுமாதிரிப் பட்டது: நாங்கள் இன்னும் போகாத வீட்டின் வாசலில் யாரோ நின்று, திறக்க ஆளில்லாமல் மறுபடி மறுபடி அமுக்குகிறார்கள். அரிசி களைந்துகொண்டே அம்மா விளையாட்டாக, "வாரேன், வாரேன்" என்று பரணைப் பார்த்துச் சொல்வாள். நான் வாசலை எட்டிப் பார்ப்பேன்.

நான் ஏழாவது படித்த வருடம் அப்பா காய்ச்சலில் படுத்தார். மூன்றாம் நாள் மதியம், அம்மா டாக்சி பிடிக்க ஓடியிருந்தாள். பரணில் குருவி கத்தியது. பாதியில் நிற்கவில்லை, முழுதாகக் கத்தி, மறுபடியும் கத்தியது. அப்பா கண்விழித்தார்.

"ஏளா, வெளிய யாரோ நிக்காவ. கதவத் தொற."

"தொறந்துதான்ப்பா இருக்கு."

"இது இல்லளா. நம்ம வீட்டுக் கதவு."

டாக்சி வருவதற்குள் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து அம்மா பெட்டியை இறக்கிப் பார்த்தபோது, பேட்டரி கசிந்து, பச்சை பூத்து, எப்போதோ செத்துக் கிடந்தது.

இப்போது நவி மும்பையில், நெருளில் எனக்குச் சொந்த ஃபிளாட் இருக்கிறது, வாசலில் மணியும் இருக்கிறது. மகள் பத்தாவது படிக்கிறாள். டியூஷனிலிருந்து வர பத்து நிமிடம் தாமதித்தால் மூன்று முறை போன் செய்கிற அம்மா நான். அவள் சித்தப்பா வாங்கித் தந்த கீபோர்டை, "எக்ஸாம் முடியட்டும்" என்று நான்தான் அலமாரிமேல் ஏற்றி வைத்திருந்தேன். போன வாரம், மழை பெய்த ஒரு மதியம், அங்கிருந்து ஒற்றைச் சுரம் கேட்டது. சமையலறையில் நின்ற என் வாய், நான் நினைப்பதற்கு முன்பே, "வாரேன்" என்றது. ஸ்டூல் போட்டு இறக்கினேன். அதில் பேட்டரியே போட்டிருக்கவில்லை. புது பேட்டரி போட்டு, மகள் வந்ததும் அவள் முன்னால் வைத்தேன்.

"அம்மா, எக்ஸாம் இன்னும் முடியலையே?" என்றாள் மகள், சந்தேகமாக. "அப்புறம் மார்க் கொறஞ்சா திட்டக் கூடாது. பக்கா?"

"பக்கா. வாசி."

நாங்கள் விற்ற கோலியை வாங்கியவர் மரக்கதவை எடுத்துவிட்டு ஷட்டர் போட்டுவிட்டார். சிவப்பு நம்பரும் அதோடு போயிற்று. அம்மாவும் இல்லை. பில்டிங் இன்னும் வரவில்லை. மகள் முதல் கட்டையை அமுக்கினாள். நான் எழுந்துபோய், யாரும் மணி அடிக்காத வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன்.