திருப்பிப் போடாத தகடு

நாலு வருடத்துக்கு முன், எங்கள் இழுவைக் கப்பல் விழிஞத்தில் கட்டிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அதில் இயந்திர அறைத் தொழிலாளி. வீடு பாறசாலைக்குப் பக்கத்தில் செங்கல் என்ற ஊரில், பஸ் மாறிப் போனால் ஒன்றரை மணி நேரம். மாலை நாலு மணி வரை விடுமுறை. மத்தியானம் சாப்பிட வரச் சொல்லி மனைவி காலையிலேயே போன் செய்தாள். போனால் தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டியிருக்கும் என்பது தெரிந்ததுதான். உடனே எனக்கு வரலாற்றில் ஆர்வம் பிறந்தது. விழிஞம் ஒரு காலத்தில் அரசர்களின் துறைமுகம். எங்கெங்கோ சுற்றியவன் பக்கத்து ஊரைப் பார்க்காமல் இருப்பது கேவலம் என்றேன்.

"அப்ப கடல்லயே கிடங்க. இங்க வரண்டாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

கப்பல் ஏணியருகே ஒரு பலகை உண்டு. ஆளுக்கொரு பெயர்த்தகடு, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. கரைக்குப் போகிறவன் சிவப்பைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். இருபது வருடமாக அந்நிய ஊர்களில் ஒழுங்காகத் திருப்பியவன் அன்று திருப்பவில்லை. சொந்த ஊர்ப் பக்கம் இறங்குவது கரையிறங்குவதாகவே படவில்லை. போன் அறையில் சார்ஜில் கிடந்தது.

குடைவரைக் கோயிலைப் பார்த்தேன். பாறையில் குடைந்த சின்ன அறை. வெளியே செதுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்ட உருவங்கள். வேலையைப் பாதியில் விட்டவர்கள்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. அரைமணி நேரம் நின்றேன். பிறகு மீன் சாப்பாடு. கால் கிலோ நேந்திரங்காய் வறுவலுடன் இரண்டு மணிக்குத் திரும்பினேன்.

துறையில் கூட்டம். தண்ணீரில் இரண்டு படகுகள் சுற்றிக்கொண்டிருந்தன. எவனோ விழுந்துவிட்டான் போல என்று நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் தலைமை மாலுமி, குளச்சல்காரர், என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"எலே, உன்னத்தாம்லே தேடுதோம். நீ செத்து ரெண்டு மணிக்கூர் ஆச்சாக்கும். வறுவலும் கையுமா வாறியே."

பன்னிரண்டு மணிக்குத் தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடித்து, கப்பலில் இருக்க வேண்டிய ஆட்களை எண்ணியிருக்கிறார்கள். ஒன்று குறைவு. பலகையில் நான் பச்சை. போன் அறையில். பின்தளக் கம்பியோரம் நான் கழுவிக் காயவைத்த செருப்பு ஜோடியாக இருந்திருக்கிறது. கேப்டன் என் வீட்டுக்கே போன் போட்டு, ஏதாவது சண்டையா என்று கேட்டுவிட்டார்.

மனைவி மீன்பெட்டிகளின் அருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள், வெறுங்காலுடன். என் செருப்பு அவள் மடியில் இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"கடல்ல கிடங்கன்னு நான் சும்மா சொன்னதாக்கும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "கோயிலு கண்டாச்சா?"

பதிலுக்கு வறுவலை நீட்டினேன். அதைவிட அசட்டுத்தனமாக நான் எதையும் யாரிடமும் நீட்டியதில்லை.

மறுநாள் கேப்டன் எழுத்தில் விளக்கம் கேட்டார். வரலாற்று ஆர்வம் என்று எழுதக் கை வரவில்லை. கவனக்குறைவு என்று எழுதினேன். அடுத்த விடுமுறையில் தொட்டியைக் கழுவினேன். வீட்டு வாசலில் ஓர் ஆணி அடித்து, பச்சையும் சிவப்புமாக ஒரு தகடும் மாட்டினேன். பாறசாலைச் சந்தைக்குப் போனாலும் திருப்பிப் போடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முறை சிவப்பைத் திருப்பும்போதும், எனக்குப் பிறகு என் செருப்பை மடியில் வைத்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்பதை உயிரோடு நின்று பார்த்த அந்த மத்தியானம்தான் நினைவுக்கு வருகிறது.