பூஜையில் வைத்த கார் சாவி

போன வருடம் ஆயுத பூஜை அன்று மத்தியானம். என் மனைவி செல்வி இடது தோளைப் பிடித்துக்கொண்டு சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் வாசலில் காருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது."

"வாய்வா இருக்கும். சுண்டல் ருசி பார்த்தேல்ல. ஓமத் தண்ணி குடி."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான். முன்பக்கத்துப் பொட்டு கோணலாக விழுந்திருந்தது. அதைத் துடைத்து மறுபடி வைப்பதில் இருந்தேன்.

அன்பர்களே, வெள்ளிக்கிழமைதோறும் உங்களோடு உட்கார்ந்து முருகனைப் பாடுகிறவன் நான். வீட்டம்மா பிழைத்தது முருகன் செயல் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். அவன் செயல்தான். ஆனால் யாரைத் தாண்டி அதைச் செய்தான் என்று நான் இதுவரை சொன்னதில்லை. என்னைத் தாண்டித்தான் செய்தான். அதைச் சொல்லாமல் பாடுகிற பாட்டு எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

அந்தக் கார் எங்களுடையது அல்ல. செல்வியின் தம்பி ராஜாவுடையது. பெங்களூரில் வேலை. கம்பெனி வேலையாக வெளிநாடு போனபோது எங்கள் குவார்ட்டர்ஸில் விட்டுப் போயிருந்தான். சிவப்பு நிறம். தரையோடு பதுங்கிய ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டு ஜன்னல் அதிரும். நிலக்கரி மைன்ஸில் மண்ணைத் தின்கிற இயந்திரங்களோடு பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குள் பூட்டிக் கிடந்த ஏதோ ஒரு கதவைத் தட்டிற்று. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர்தான். ஓட்டத் தெரியாதவனுக்கு வண்டி மேல் வருகிற ஆசை பொல்லாதது. நின்ற இடத்திலேயே தறிகெட்டு ஓடும்.

ஓட்டத் தெரிந்தது மகள் யாழினிக்கு. பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வாங்கியிருந்தாள். ராஜா கிளம்புவதற்கு முன் எங்களோடு தங்கியிருந்த நாட்களில், விடிந்ததும் அவளை டவுன்ஷிப் சாலைகளுக்குக் கூட்டிப் போய்ப் பழக்கினான். முதலில் பிரேக் மட்டும். ஈரத்தில் பிரேக், திருப்பத்தில் பிரேக். "இந்த வண்டியில போறது பெரிசில்ல பாப்பா, நிக்கறதுதான் பெரிசு" என்பான். மழைக்கென்று ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பி வைத்தால் வண்டியின் முரட்டுத்தனம் அடங்கும். யாழினி வெயில் நாளிலும் அதைத் திருப்பி வைத்துத்தான் ஓட்டினாள். போனை அணைத்துப் பையில் போட்டுவிடுவாள். பக்கத்தில் உட்காருகிறவர் பேசக் கூடாது.

"மாட்டு வண்டிகூட முந்திடும்டி உன்னை" என்று சிரித்தேன்.

"எப்ப நிக்கணும்னு மாட்டுக்குத் தெரியும்ப்பா. இதுக்குத் தெரியாது. நான்தான் சொல்லணும்."

ராஜா விமானம் ஏறியதும் சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை யாழினி ஓட்டட்டும் என்று அவன் சொல்லிப் போயிருந்தான். அவள் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்றேன். கீறல் விழுந்தால் ராஜா முகத்தில் எப்படி விழிப்பது என்று வெளியில் சொன்னேன். உள்ளே இருந்தது வேறு. என் மகள் ஓட்ட, நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதை பிளாக் முழுக்கப் பார்க்குமே. அதனால் தினமும் ஸ்டார்ட் மட்டும் செய்து சத்தம் கேட்டேன். கூடையைத் திறந்து சீறலைக் கேட்டுவிட்டு மூடிவைக்கிற பாம்பாட்டியைப் போல.

பூஜை அன்று சாயங்காலம் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பூசணிக்காயில் குங்குமம் நிரப்பிச் சுற்றி, சாலையின் நடுவில் போட்டு உடைத்தேன்.

"ஓரமா உடைங்கப்பா. யாராவது வழுக்கி விழப் போறாங்க."

"நடுவுல உடைச்சாத்தான்டி திருஷ்டி போகும்."

என் ஸ்பேனர், செல்வியின் கத்தரிக்கோல், யாழினியின் புத்தகங்கள் எல்லாம் சாமி அலமாரியில் இருந்தன. கார் சாவியையும் அங்கே வைத்துப் பூப் போட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் தொட வேண்டும். நம் வீடுகளில் அதுதானே வழக்கம்.

விளக்கு வைக்கிற நேரம் செல்வி சோபாவில் சரிந்தாள். ஃபேன் ஓட ஓட வியர்த்தது. தாடையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம்; பக்கத்தில் இருந்தது வேறொருவரை ஏற்றப் போயிருந்தது. பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன, தொடர் லீவுக்கு எல்லோரும் சொந்த ஊர் போயிருந்தார்கள். தெரிந்த ஆட்டோக்காரர் போனை எடுத்தார். "சார், வண்டிக்கு மாலை போட்டு நிறுத்திட்டு ஊருக்கு, குறிஞ்சிப்பாடி வந்துட்டேனே சார்" என்றார்.

யாழினி சாமி அலமாரி முன்னால் போய் நின்றாள்.

"தொடாத. பூஜையில வச்சது. ஆம்புலன்ஸ் வந்துடும்."

இந்த வாயால்தான் சொன்னேன், அன்பர்களே. மனைவி அங்கே துவண்டு கிடக்க, இந்த வாய். சாமி மேல் பயமா எனக்கு? இல்லை. காரின் மேல் பயம், மகளின் கையில் அதைக் கொடுக்கிற பயம். அதை மறைக்க முருகனைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "முருகன் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன்" என்று சொல்லி, பூவோடு சேர்த்துச் சாவியை எடுத்தாள்.

செல்வியை முன் சீட்டில் சாய்த்துக் கிடத்தினோம். அந்தக் காரில் பின் சீட் பேருக்குத்தான். முழங்கால் மோவாயில் இடிக்க நான் அதில் மடங்கி உட்கார்ந்தேன். தூறல் போட ஆரம்பித்திருந்தது. யாழினி சீட்டை நகர்த்தினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். மழைக்கான குமிழைத் திருப்பினாள்.

"அம்மாவுக்கு பெல்ட் மாட்டிட்டேன். நீங்களும் மாட்டுங்க."

"பெல்ட்டா இப்ப முக்கியம்? போடி."

"மாட்டுங்கப்பா. மாட்டினாத்தான் எடுப்பேன்."

மாட்டினேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் நகர்ந்தது.

முருகா, வேகத்தைக் கொடு. இதுதான் என் வேண்டுதல். வாழ்க்கையில் அதற்கு முன் அப்படிக் கும்பிட்டதில்லை. கண்ணை மூடினால் செல்வியின் மூச்சு கேட்டது. திறந்தால் மகளின் நிதானம் தெரிந்தது. அத்தனை குதிரைகளைக் கட்டி வைத்திருக்கிற வண்டி, எங்கள் அகலமான காலிச் சாலையில், வாக்கிங் போகிறவரைப் போலப் போவதாக எனக்குத் தோன்றிற்று.

"மிதிடி. அம்மா செத்துடுவாடி. ரோடு காலியாத்தானே கிடக்கு."

"அப்பா, நீங்க சாமிகிட்ட பேசுங்க. என்கிட்ட பேசாதீங்க."

அவள் குரல் நடுங்கியது. கால் நடுங்கவில்லை.

ஒரு திருப்பம். அதைத் தாண்டி ஆட்டோ ஸ்டாண்ட். வரிசையாக மாலை போட்ட ஆட்டோக்கள். அவற்றுக்கு முன்னால் சாலை முழுக்க உடைத்த பூசணிக்காய்கள், மழையில் ஊறி, சோப்பு தேய்த்த தரை போல. எங்களுக்கு முன்னால் போன ஸ்கூட்டர் அதில் ஏறியது. ஏறியது மட்டும்தான் தெரியும். வண்டி ஒரு பக்கம் சறுக்க, ஓட்டியவர் எங்கள் வெளிச்சத்துக்கு நேரே மல்லாந்து கிடந்தார்.

கார் நின்றது. கத்தவில்லை, ஆடவில்லை. பழகிய யானை உட்காருவது போல நின்றது. விழுந்தவருக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு கார் நிற்கிற அளவு இடம் இருந்தது.

நான் கேட்ட வேகம் கிடைத்திருந்தால் அந்த இடம் இருந்திருக்காது. அந்த மனிதர் இருந்திருக்க மாட்டார். வழுக்குகிற அந்தத் தரையில் நாங்கள் மூவரும் என்ன ஆகியிருப்போம் என்பதை இன்றுவரை என்னால் முழுதாக நினைக்க முடியவில்லை.

அவர் எழுந்தார். சட்டையெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தார். குங்குமம்.

"எவன்டா அவன், நடு ரோட்டுல ஒடச்சிட்டு வூட்டுல குந்திகினு சுண்டல் துன்றவன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

நான்தான். அது என் பூசணிக்காய் இல்லை, ஆனாலும் நான்தான்.

கார் ஜன்னலில் குனிந்து செல்வியைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரிக்காம்மா? எனக்கு ஒண்ணும் இல்ல. நீ பாத்து மெதுவா போ கண்ணு." ஸ்கூட்டரை ஓரம் இழுத்தார். நொண்டிக்கொண்டே காலால் பூசணித் துண்டுகளைத் தள்ளி எங்களுக்கு வழி செய்து கொடுத்தார். பக்கத்து ஊர், வடக்குத்துக்காரர் என்பது மட்டும் பேச்சுவாக்கில் தெரிந்தது. பெயர்கூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "வலி எப்ப ஆரம்பிச்சுது?"

யாழினிக்கு மத்தியானத்துப் பேச்சு தெரியாது. "இப்பத்தான், விளக்கு வச்சப்ப" என்றாள்.

"மத்தியானமே" என்றேன் நான். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். என் மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

மாரடைப்பு. உறைந்த ரத்தத்தைக் கரைக்க ஊசி போட்டார்கள். பிறகு பாண்டிச்சேரியில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். செல்வி கண் திறந்து, வாய் திறந்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "உங்க ஓமத் தண்ணி நல்லா வேலை செஞ்சுதுங்க."

சிரித்தேன். பிறகு வெளியே போய் அழுதேன்.

நான் கேட்டது வேகம். முருகன் கொடுத்தது நிதானம். கேட்டதைக் கொடுத்திருந்தால் அன்று எல்லாவற்றையும் இழந்திருப்பேன். அதைவிட வெட்கம், அவன் என் வேண்டுதலுக்கு முன்பே பதிலை அனுப்பியிருந்தான். விடியற்காலைகளில் பிரேக் பழகிய பெண்ணாக அந்தப் பதில் என் வீட்டிலேயே நடமாடியது. நான்தான் சாவியைக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்ட ராஜா காரோடு வந்திருந்தான். பூசணிக்காயை வேலி ஓரமாக உடைத்து, நானே கூட்டி அள்ளினேன். பிளாக்கில் மற்றவர்கள் உடைத்ததையும் அள்ளினேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், கான்ட்ராக்ட் எடுத்துட்டீங்களா" என்று கேலி செய்தார். ராஜா சாவியை என்னிடம் நீட்டினான். நான் வாங்கி யாழினியிடம் கொடுத்தேன். அவள் சாமி முன்னால் வைத்துப் பூப் போட்டாள். "வேணும்னா எடுத்துக்கறேன்ப்பா" என்றாள். சரி என்றேன்.

மறுநாள் அவள் ஓட்ட, பின் சீட்டில் மடங்கி உட்கார்ந்து வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போனேன். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லாமலே பெல்ட் மாட்டிக்கொண்டேன்.

அன்பர்களே, அவனிடம் கேளுங்கள். கொடுப்பான். கேட்ட உருவத்தில்தான் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அவன் பதில் உங்கள் வீட்டுக்குள்ளேயே சீட்டை நகர்த்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நீங்கள் பெல்ட் மாட்டுவதற்காகக் காத்திருக்கலாம்.