செல்லம்மா அக்காவின் கால் படாத பிரேக்

செல்லம்மா அக்கா போய்விட்டார். இன்று விடிகாலை, ஆஸ்பத்திரியில்... முதலில் சுகர், பிறகு நெஞ்சு.

ஹட்டனில் குமார் பாஸின் கராஜுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அதே அக்காதான். இந்தப் பக்கம் பழைய வேன் வைத்திருக்கிற எவனும் அவரை மறந்திருக்க முடியாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புது பிரேக் செட் போட்டால் பைப்புக்குள் காற்று நின்றுவிடும், அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் இருந்து பெடலை அடித்து அடித்து அப்படியே மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே படுத்து சக்கரத்து நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூடுவார்.

மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே. முதலிலிருந்து ஆரம்பம்.

கீழே மெக்கானிக் குமார் பாஸ். மேலே அக்கா, சேலையைச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. கடைக்கு வந்தவர்கள் தாங்களே பிளேன்டி ஊற்றிக் குடிப்பார்கள்.

பெடலோடு ஊர்க்கதையும் ஓடும். “புடி” என்று கீழேயிருந்து சத்தம் வந்தால் காலும் நிற்கும், கதையும் நிற்கும். யாருடைய மருமகள் யாரோடு கோபித்துக்கொண்டு எங்கே போனாள் என்பது நிப்பிள் மூடினால்தான் தெரியும்...

ஒருமுறை என் வேனுக்கு. கதையும் என்னுடையதுதான், பூண்டுலோயாவுக்கு நான் பெண் பார்க்கப் போனது. அன்றைக்கு மட்டும் “புடி” வந்த பிறகும் அக்காவால் வாயை நிறுத்த முடியவில்லை.

“இவரு புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு ஜம்முனு எறங்குறாரு. பொண்ணோட அம்மா என்னா சொல்லுச்சு தெரியுமா? ‘டிரைவர் தம்பி, நீங்க வெளிய ஒக்காருங்க... மாப்பிள எங்க?’ன்னுச்சு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கால் எழும்பிவிட்டது.

“அக்கா, காத்து உள்ள போயிருச்சு. மறுபடி மொதல்லருந்து” என்றார் குமார் பாஸ், முகமெல்லாம் பிரேக் ஒயிலோடு.

“பிரேக்கா, கதையா?” என்று கேட்டார் அக்கா. இரண்டும்தான் நடந்தது.

(அந்தப் பெண்தான் இப்போது என் மனைவி. கீழே கமெண்டில் வருவாள், பாருங்கள்.)

இத்தனை பிரேக் மிதித்தவர் எந்த வேனிலும் ஏறமாட்டார். பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம் வட்டகொடைக்கு மேலே, போக வர எப்போதும் ரயில்தான். ஒருநாள் கேட்டே விட்டேன்.

“ஏங்க்கா, நீங்க அமுத்துன பிரேக்குதானே... என்னா பயம்?”

“பிரேக்க நம்புறேன் தம்பி. ஒன்னத்தான் நம்ப முடியல.”

இன்று காலை அவருடைய மகன் கராஜுக்கு வந்தான். “அண்ணே, அம்மாவ தோட்டத்துக்குக் கொண்டு போவணும். மலர்ச்சாலைல பொட்டி ஏத்துற வண்டி அந்த ரோட்டுல ஏறாதாம். ஒங்க வேன்ல போவமா? மூணு மணிக்கு எடுக்கணும்.”

என் வேன் அப்போது ஜாக்கில் நின்றது. நேற்றுதான் பிரேக் செட் முழுவதும் புதிதாகப் போட்டோம், காற்று எடுக்கவில்லை. பெடலை மிதித்தால் தரை வரை போனது.

“வேன் வந்துரும், நீ போ” என்றேன்.

சீட்டில் நான் ஏறினேன். செருப்பைக் கழற்றினேன், ஏனென்று கேட்காதீர்கள். கீழே குமார் பாஸ், பின் சக்கரத்தில்.

அடித்தேன். “புடிங்க” என்றார். பிடித்தேன்.

“என்னாங்கண்ணே, வாயவே தொறக்க மாட்டேங்கிறீங்க? இப்புடிச் சும்மா இருந்தா எனக்கு கை ஓடல.”

பூண்டுலோயாக் கதையை நானே ஆரம்பித்தேன். ‘டிரைவர் தம்பி’ வந்த இடத்தில் குமார் பாஸ் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் கை நழுவி விழுந்தது. நான் காலை எடுக்கவில்லை.

நாலு சக்கரமும் முடிந்தது. ஒயிலில் ஒரு குமிழி இல்லை, பெடல் கல்லு மாதிரி நிற்கிறது. கராஜ் சரிவில் இறக்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டோம்... நின்ற இடத்தில் நிற்கிறது.

மூன்று மணிக்கு எடுக்கிறோம். வருகிறவர்கள் நேரத்துக்கு வாருங்கள்.

அக்கா, இன்னைக்குத்தான் என் வேன்ல ஏறுறீங்க... வளைவுல எல்லாம் மெதுவாத்தான் போவேன்.