வகுப்பறையா, நூலகமா: ஒரு கையெழுத்து

ஒரு பழைய நாவலில் வரும் வசைச்சொல்லைப் பதினொரு வயதுப் பிள்ளை வகுப்பில் இருந்து கேட்கலாமா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. ரொறன்ரோவில் மகளின் பள்ளிக்கூடம் இதைக் கடிதமாகவே அனுப்பியிருக்கிறது. கறுப்பின மக்களை இழிக்கும் சொல் அந்த நாவலில் அடிக்கடி வருகிறதாம். ஆனாலும் காலத்தை வென்ற இலக்கியமாம். பெற்றோர் கையெழுத்திட்டால் அந்தப் பாடநேரத்தில் பிள்ளை நூலகத்தில் இருக்கலாமாம். கடிதம் வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் வந்தது: என் மகளுக்கும் அவளுடைய ஜமெய்க்காச் சிநேகிதிக்கும். சொல்லை உண்டாக்கியவர்களின் பிள்ளைகள் சுகமாக இருந்து வாசிக்க, அது யார்மேல் விழுகிறதோ அவர்கள் எழும்பிப் போகவேண்டும். நல்ல நாகரிகம்.

மகளின் மனம் புண்படக்கூடாது என்று ஆசிரியை தொலைபேசியில் சொன்னார். "யேஸ், யேஸ்" என்றேன். ஆசிரியருக்கு எதிர்க்கதை கதைக்காமல் வளர்ந்த வாய். அவர் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

கணவருக்கு வேறு கோபம்; கறுப்பின மக்களுக்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் வசைச்சொல்லோடேயே வந்தது. "உவை எங்களையும் காப்பிலியளோடை சேர்த்துப்போட்டினம், பாத்தீரே?"

"அப்ப நான் இப்ப எந்த லைப்ரரிக்குப் போய் இருக்கிறது, அப்பா?" என்றாள் மகள், சோற்றைப் பிசைந்தபடி.

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் நான் படித்தபோது கடிதமெல்லாம் இல்லை. பழைய கதையொன்றை ஆளுக்கொரு பந்தியாக வாசித்துவந்தோம். ஒரு சாதியை நாயைப்போல் அழைக்கும் வரி சரசுவின் முறைக்கு வந்தது. அது அவளுடைய சாதி. நிறுத்திவிட்டாள்.

"என்னடி, எழுத்துத் தெரியேல்லையோ? வாசி," என்றார் வாத்தியார்.

வாசித்தாள். நாங்கள் சிரித்தோம். நானும்தான். பாடக் கொப்பி வாங்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால், அவளுக்கென்று கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்த ஜாம் போத்தலில்தான் தண்ணீர் கொடுப்பேன். அந்தக் கதையைப் பாடத்திலிருந்து எடுத்திருந்தாலும் போத்தல் அங்கேயே இருந்திருக்கும். ஆனால், எங்களில் ஒருவரையாவது எழுப்பி "ஏன் சிரிக்கிறாய்?" என்று வாத்தியார் கேட்டிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை. இந்த ஆசிரியைக்கும் தோன்றுமென்று எனக்கு நம்பிக்கையில்லை. அதனால்தான் மகளை வகுப்பில் விடப் பயப்படுகிறேன். வெளியே அனுப்பினால் சிநேகிதி தனியே இருந்து கேட்பாளோ என்றும் பயப்படுகிறேன்.

ஊரில் சண்டையால் மின்சாரம் இல்லாமல் எல்லா வீடுகளிலும் ஜாம் போத்தலில்தான் விளக்கு எரிகிறதாம், அம்மா எழுதியிருந்தார். இங்கே நாங்கள் அதைக் கழுவி அதில் தண்ணீர் குடிக்கிறோம். இப்போது மேசையில் அந்தக் கடிதம் பறக்காமல் இருப்பதும் ஒரு ஜாம் போத்தலின் கீழேதான்.

திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும். கையெழுத்து வைக்கவா, விடவா? பிள்ளை வளர்ப்பவர்கள் எழுதுங்கள். அன்று வகுப்பில் என்னோடு சிரித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், முதலில் நீங்கள் எழுதுங்கள்.