குனிதலுக்குப் பத்து வசனங்கள்

கனடாவின் மொன்றியலுக்கு வந்தது இரண்டாயிரமாம் ஆண்டு. இது ஏழாவது பனிக்காலம். ஒருமுறை வெளியே போய்வந்தால் பனிச்சப்பாத்துக்காக நான்கு தரம் குனியவேண்டும்: போட இரண்டு, கழற்ற இரண்டு. நேற்று மூன்று முறை போனேன்.

“அப்பா, குனியாதேங்கோ. நான் கழட்டிவிடுறன்,” என்றாள் மகள்.

“எனக்கு ஏலும். பதினொண்டு முடிஞ்சுது, எண்ணிக்கையைக் குழப்பாதை.”

“எண்ணுறதுக்கு ஆர் சம்பளம் தருகினம்?”

குனிவதை எண்ணத் தொடங்கியது பத்து வயதில், யாழ்ப்பாணத்தில். அந்த ஒரு வினைச்சொல்லை வைத்துப் பத்து வசனங்கள் எழுதிவரச் சொன்னார் வாத்தியார். ஒன்பது சுலபமாக வந்தன. அம்மா குனிந்து முற்றம் கூட்டினாள். நெட்டையான மாமா குனிந்து வாசலில் நுழைந்தார். அக்கா வெட்கத்தில் தலை குனிந்தாள். பத்தாவதுதான் அகப்படவில்லை.

அக்காவுக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம். வேலித் தகராறில் அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. சித்தப்பா வந்து நிற்காவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். என்னை வேலிப் படலையடியில் நிற்கச் சொன்னார். வெளியே வந்த சித்தப்பா எங்களைக் கண்டதும் பேசாமல் திரும்பினார். அப்பா சட்டென்று குனிந்து, தம்மைவிட எட்டு வயது இளைய தம்பியின் காலைத் தொட்டார். சித்தப்பா பதறிப்போய் அவரைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: “அவன் தானாத்தான் வாறன் எண்டவன்.” அம்மா கும்பிட்டாள். அக்கா சிரித்தாள். எனக்கும் பத்தாவது வசனம் கிடைத்திருந்தது.

வாத்தியார் அந்த வசனத்தை மட்டும் எழுத்தே தெரியாதபடி வெட்டிவிட்டார். பத்துக்கு ஒன்பது. காரணம் சொல்லவில்லை. அதில் ஒரு பிழையும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் எல்லோர் முன்னும் நியாயம் கேட்டேன்.

“எந்த வசனத்தை வெட்டினவர்?” என்றார் அப்பா.

உரக்கச் சொன்னேன்: “அப்பா குனிந்து சித்தப்பாவின் காலைத் தொட்டார்.”

அம்மாவின் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது. அக்கா பாதிச் சோற்றில் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி, “வாத்தியார் செய்தது சரி,” என்றார்.

அப்பாவும் வாத்தியார் பக்கம் சேர்ந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அதே வசனத்தைப் புதிய தாளில், இன்னும் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, எனக்கு வரவேண்டிய ஒரு புள்ளியை வாங்கப் பள்ளிக்கூடம் போனேன்.