பின்னாலயே வாரேன்

துடியலூர்க் குழந்தைகள் இல்லத்தில் ஆயாவாகச் சேர்ந்தபோது மாசாணியம்மாளுக்கு நாற்பது வயது. புருசன் செத்து, பிள்ளை குட்டியும் இல்லாமல், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் பொறுக்கிப் பிழைத்தவள். குழந்தைக்குப் பால் புகட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று சிரித்துக்கொண்டே வந்தவளை, 1994இல் வந்த இனியா கட்டிப்போட்டுவிட்டாள்.

இனியாவுக்கு அப்போது இரண்டு வயது இருக்கும். மேட்டுப்பாளையம் பஸ்ஸின் கடைசி சீட்டில் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. தத்தெடுக்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சுவார்கள். காலைப் பார்த்ததும் அடுத்த குழந்தையிடம் போய்விடுவார்கள். மாசாணிக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடவே, சொல்லக் கூடாதுதான், ஒரு நிம்மதியும் வரும்.

ஒருநாள் மேனேஜர் சீனிவாசலுவிடம் கேட்டேவிட்டாள். "ஏனுங்க, இவளை நானே வளத்திக்கட்டுங்களா?"

"யாருங்க அம்மணி வேண்டாம்னது? மொதல்ல நடக்க வெய்யுங்க. தனியா நடந்துட்டாள்னா அடுத்த நாளே பேப்பர்ல கையெழுத்து வாங்கிக் குடுத்தர்றனுங்க."

தேன் தடவிப் பேசுவதில் அந்த மனுசனை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாசாணி நம்பினாள்.

மூன்று வருசம். காலையிலும் மாலையிலும் சூம்பிய காலில் எண்ணெய் தேய்த்து நீவினாள். இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் புண்ணாக்கிய இடத்தில் தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினாள். சுவரைப் பிடித்து நடக்க வைத்தாள், பிறகு சுவரை விட்டு. ஆனால் நாலு எட்டு வைத்ததும், மாசாணி இருக்கிறாளா என்று இனியா திரும்புவாள், பொத்தென்று விழுவாள். "திரும்பாத கண்ணு. நான் பின்னாலயே வாரேன்" என்று மாசாணி படித்துப் படித்துச் சொன்னாள்.

1998 தை மாதம், இனியா விழாமல் வாசல் முற்றம் முழுவதும் நடந்து காட்டினாள். மாசாணி அன்றே தன் வாடகை அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். சின்னதாக ஒரு சோற்றுத் தட்டும் வாங்கி வைத்தாள்.

அடுத்த வாரம் சீனிவாசலு கூப்பிட்டார். "நாளைக்குத் தத்துக் குடுக்கற ஆபீசருங்க வாராங்க அம்மணி. புதுக் கவுன் போட்டுடுங்க. நடந்து காமிச்சாப் போதும், உங்க காரியம் முடிஞ்சுது."

மறுநாள் கேட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்ணும் அவள் புருசனும். ஆபீசர்கள் இப்படியா வருவார்கள் என்று மாசாணிக்குத் தோன்றவே இல்லை.

"கார் வரைக்கும் நடக்கச் சொல்லுங்க" என்றார் சீனிவாசலு.

மாசாணி குனிந்து கவுனை இழுத்துவிட்டாள். "போ கண்ணு. திரும்பாத. நான் பின்னாலயே வாரேன்."

இனியா நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அந்தப் பெண் அவளை வாரி எடுத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது. மாசாணி பதறி ஓடுவதற்குள் கார் மெயின் ரோட்டில் ஏறிவிட்டது.

"பெரிய எடமுங்க, மெட்ராசுல சொந்த ஊடு" என்றார் சீனிவாசலு. "முன்னாலயே சொல்லியிருந்தா நீங்க அழுது கெடுத்துப்போட்டிருப்பீங்க. உங்களாலதானுங்க அம்மணி அந்தப் புள்ளைக்கு ஒரு வாழ்வு."

மாசாணி ரோட்டிலிருந்து திரும்பி வந்து அவர் எதிரில் நின்றாள்.

"என்னைய ஏமாத்துனீங்க, அது போச்சாதுங்க, போனாப் போகுது. அவளை ஏமாத்தறதுக்கு என்ற வாயையில்லீங்க எடுத்துக்கிட்டீங்க? நான் பின்னால வாரேன்னு நம்பித்தானுங்க அவ திரும்பாமப் போனா."